பொலிகிடாவின் கொம்பு: கழற்றியதும் மாட்டியதும்

மே மாதத்து மதியம், இரண்டு மணி இருக்கும். விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "பொலிகிடா போயிருச்சுய்யா. ஒடம்பப் புதைச்சிருவோம். தலைய மட்டும் கொம்போட பாடம் பண்ணித் தருவியா?"

பொலிகிடா என்றால் பெட்டைகளோடு சேர விடுகிற கிடா. வேம்பூர்ச் செம்மறி இனம் அது. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இறைந்து கிடக்கும். பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். இந்த இனத்தில் பெட்டைக்குக் கொம்பு இல்லை, கிடாவுக்குத்தான். இதன் கொம்பு பின்னால் போய், காதைச் சுற்றி வளைந்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து முன்னால் பார்த்து நிற்கும். ஒன்பது வருஷம் சித்தப்பாவின் மந்தையில் இருந்தது.

நான் முதலில் கேட்டது, எப்படிச் செத்தது என்று. துக்க வீட்டில் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வந்திருந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடம்பில் கத்தியே வைக்கக்கூடாது. கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், மனிதனுக்கும் தொற்றும். "ரெண்டு மாசமா மேய்ச்சல் எடுக்கல, பல்லும் போச்சு. டாக்டர் வந்து பாத்து வயசுதான்னு சொல்லிட்டாரு" என்றார். அதன் பிறகுதான் பஸ் ஏறினேன்.

ஒரு கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பதினோரு வருஷம் உதவியாளராக இருந்தவன் நான். இப்போது கோவில்பட்டியில் வேறு பிழைப்பு. பாடம் செய்வது பழக்க தோஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு விலங்கு மட்டும்தான் தொடுவேன். மான் கொம்பு, காட்டெருமைக் கொம்பு என்று யாராவது கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்த மான் கொம்பைப் பொறுக்கி வைத்திருந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். "தாத்தா காலத்துது சார்" என்பதெல்லாம் வனத்துறையிடம் எடுபடாது.

மான் கொம்பையும் ஆட்டுக் கொம்பையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. மான் கொம்பு முழுக்க எலும்பு. வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். ஆடு, மாடு, எருமைக்குக் கொம்பு விழாது. அது இரண்டு பொருள். உள்ளே மண்டையோட்டிலிருந்து வளர்ந்த எலும்பு. வெளியே நகம் மாதிரியான கூடு. இரண்டுக்கும் நடுவில் ரத்த நாளங்கள் ஓடுகிற ஒரு மெல்லிய சவ்வுப்படலம். நாம் 'கொம்பு' என்று கையில் பிடிப்பது வெறும் கூட்டைத்தான். நடுவில் இருக்கிற அந்தப் படலம்தான் எல்லாத் தலைவலிக்கும் காரணம். கூட்டைக் கழற்றாமல் அப்படியே காய வைத்தால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அது அழுகும். ஒரு மழைக்காலம் வந்ததும் நாற ஆரம்பிக்கும், வண்டு வைக்கும், கொம்பு ஆடும்.

கூட்டைக் கழற்றக் குறுக்கு வழி, வேக வைப்பது. என் முதல் ஆட்டுத்தலையை அப்படித்தான் செய்தேன். அரை மணி நேரக் கொதிப்பில் கொம்பு கழன்று வந்துவிட்டது. கூடவே அடிப்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தும் வந்தது. எலும்புக்குள் கொழுப்பு இறங்கி, மண்டையோடு இன்றைக்கும் மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கிறது. அம்மாவின் ஈயம் பூசின அண்டாவும் போனது. அந்தக் கதையை இன்னும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தப்பா கிடாவை வேப்பமரத்தடியில் படுக்க வைத்து, கோணிச் சாக்கை நனைத்து மூடி வைத்திருந்தார். கொம்பைப் பார்த்ததும்தான் வேலையின் உண்மையான சிக்கல் புரிந்தது. கொம்பு முழுக்க எனாமல் பெயின்ட். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு அடிக்கும்போது, மிச்சத்தை இதற்கும் அடிப்பார்களாம். அடிப்பக்கம் நீலம், நடுவில் நீலமும் உதிர்ந்த சிவப்பும், நுனியில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் கலந்து பொருக்குப் பொருக்காக. கொம்பு வளர்வது அடியிலிருந்து. நுனிதான் குட்டியாக இருந்தபோது முளைத்தது. தலையை ஒட்டிய பகுதி போன வருஷத்தது. அதனால் நுனியில் எல்லாப் பொங்கலின் பெயின்டும் அடுக்காக இருக்கிறது, தலைக்கு வர வர அடுக்கு குறைகிறது, அடியில் கடைசிப் பொங்கலின் நீலம் மட்டும். மரத்தில் வளையம் எண்ணுகிற மாதிரி எண்ணலாம் போலிருந்தது. ஆனால் முள்வேலியிலும் கல்லிலும் உரசி நுனியில் பாதி போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன், ஐந்துக்கு மேல் பிரிக்க முடியவில்லை.

"பெயின்ட எடுத்துரணுமா?" என்று கேட்டேன்.

"எடுத்தா அது எங்க கிடா மாதிரியா இருக்கும்?" என்றார் சித்தி, உள்ளேயிருந்து.

அப்படியானால் கொம்பை நீரில் ஊறப்போட முடியாது. பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும். இதைத்தான் முதலில் தீர்மானித்தேன்: கூடு கழன்று வரும்வரை தலையைத் தண்ணீரில் மூழ்கவிடுவதில்லை.

அன்று ராத்திரியே தோலை உரித்து, கண், நாக்கு, தாடைத் தசை எல்லாம் எடுத்தேன். பின்மண்டைத் துளை வழியாகக் கம்பியை விட்டுக் கலக்கி, கொம்பை மேலே தூக்கிப் பிடித்து, குழாய்த் தண்ணீரை உள்ளே அடித்து மூளையைக் கழுவினேன். மூக்கு வழியாகத் தண்ணீர் விட்டபோது கூடவே நாலு புழுக்கள் வந்து விழுந்தன. விரல் நுனி அளவு, முதுகில் கறுப்புப் பட்டைகள். ஒரு ஈ ஆட்டின் மூக்கில் பறந்தபடியே குட்டிப் புழுக்களை விட்டுப் போகும். அவை மூக்கு வழியாக ஏறி, நெற்றி எலும்பின் அறைகளில் தங்கி வளரும். வளர்ந்ததும் தும்மலில் வெளியே வந்து மண்ணுக்குள் போகும். டார்ச் அடித்து சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வெயில் நேரத்துல மூக்க மண்ணுல வச்சு அழுத்திக்கிட்டே நிக்கும். தும்மிக்கிட்டே இருக்கும். நான் சளின்னு நினைச்சு கஷாயம் ஊத்துனேன்" என்றார்.

கழற்றுவதற்கு முன் அளவு எடுப்பது முக்கியம். நாலு பக்கமும் படம் எடுத்தேன். நுனிக்கு நுனி 31 செ.மீ., இடது நுனியிலிருந்து மூக்கெலும்பு முனை வரை 17, வலது நுனியிலிருந்து 18 (எந்தக் கிடாவுக்கும் இரண்டு கொம்பும் சமமாக இருந்து நான் பார்த்ததில்லை). கூடும் எலும்பும் சேரும் இடத்தில், எது எதற்கு நேர் என்று காட்ட, மாஸ்கிங் டேப்பை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டேன். இந்த டேப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொம்பின் அடியைச் சுற்றி, மயிர் முடிந்து கூடு தொடங்கும் கோட்டில், மெல்லிய பிளேடால் எலும்பு தட்டும் வரை கீறினேன். ஈரத் துணியை அடிப்பகுதியில் மட்டும் சுற்றி, தலையைக் கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி, மூடியுள்ள டிரம்மில் வைத்து மேலே கல் ஏற்றினேன். கல் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே நடப்பது வேறொன்றுமில்லை, நடுப்படலத்தை அழுக விடுவதுதான். கரிசல்காட்டு மே மாத வெக்கையில் அதற்கு அதிக நாள் ஆகாது. குளிர்ப் பிரதேசத்தில் இதற்கே வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஐந்தாம் நாள் இடது கொம்பில் லேசாகப் பிசுக்கென்று ஒரு சத்தம். ஆறாம் நாள் அது வந்துவிட்டது. நேராக இழுக்கக் கூடாது. உள்ளெலும்பும் சுருளாகத்தான் வளர்ந்திருக்கிறது. கூட்டின் வளைவு எந்தப் பக்கம் போகிறதோ அந்த வழியிலேயே, திருகாணியைக் கழற்றுகிற மாதிரி சுற்றி எடுக்க வேண்டும். வரும்போது ஒரு 'பொளக்'. வாசனையை எழுதப் போவதில்லை. முகமூடிக்குள் விக்ஸ் தடவியிருந்தேன், அதுவும் காப்பாற்றவில்லை. வலது கொம்பு ஒன்பதாம் நாள்தான் மசிந்தது. நடுவில் ஒருநாள் பொறுமை போய், மரச்சுத்தியலால் அடியைத் தட்டினேன். கூட்டின் விளிம்பில் அரை இஞ்சு பிளந்தது. அது இன்றும் தெரிகிறது. இரண்டு நாள் காத்திருந்திருந்தால் அந்தப் பிளவு இருந்திருக்காது.

கழன்ற கூடு ஒரு கிண்ணம். இதுதான் எனக்கு வசதியாகிப் போனது. வெளியே பெயின்டை நனைக்காமல், உள்ளே மட்டும் எதையும் ஊற்றி வைக்கலாம். நீளக் கரண்டியால் சுரண்டி, பால் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை நாலைந்து முறை ஊற்றிக் குலுக்கினேன். பிறகு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்காரம் (போராக்ஸ்) கரைத்து, கூடு நிறைய ஊற்றி, மணலில் குத்தி நிறுத்தி ஒரு ராத்திரி விட்டேன். வெண்காரம் பூச்சிக்கு ஆகாது, அழுகலையும் நிறுத்தும். சலவைச் சோடாவோ காஸ்டிக் சோடாவோ போட்டால் சீக்கிரம் சுத்தமாகுமே என்று பக்கத்து வீட்டுத் தம்பி யோசனை சொன்னான். காஸ்டிக் சோடா முடி அடைத்த சாக்கடையைத் திறக்கிற சாமான். முடியும் நகமும் கொம்பும் ஒரே வகைப் புரதம். அடைப்பைக் கரைப்பது கொம்பையும் கரைக்கும். பிளீச்சிங் திரவமும் அப்படித்தான், அது எலும்பையும் சேர்த்தே அரிக்கும்.

மண்டையோட்டைத் தண்ணீர் டிரம்மில் மூழ்கவிட்டேன். பதினெட்டு நாள். மூன்று முறை தண்ணீர் மாற்றினேன், ஒவ்வொரு முறையும் கொசுவலையில் வடிகட்டி. பல் கழன்று விழும், அதற்காக. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. இந்தக் கிழவனுக்கு அதில் ஐந்துதான் மிச்சமிருந்தது. ஐந்தும் கிடைத்தன. கொழுப்பு எடுக்கத் திரும்பவும் பாத்திரத் திரவம் கலந்த தண்ணீர், டிரம்மை மொட்டைமாடி வெயிலில் வைத்து. கோவில்பட்டி வெயிலைவிட மலிவான ஹீட்டர் கிடையாது. கொம்பின் உள்ளெலும்பு நுரை மாதிரி துளை நிறைந்தது. கொழுப்பு அங்கேதான் ஒளிந்துகொள்ளும். நுனியில் இரண்டு இஞ்சை ஹாக்சா பிளேடால் அறுத்து எறிந்தேன். வெளியே தெரியப்போவதில்லை, திருகி மாட்டவும் எளிது.

வெளுக்க, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. '20 வால்யூம்' என்று பாட்டிலில் போட்டிருந்தால் 6 சதவீதம் என்று அர்த்தம்; சமமாகத் தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கி, பஞ்சில் நனைத்துச் சுற்றி வைத்தேன். மூடியை இறுக்கி அடைத்த பாத்திரத்தில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். கொம்பை மாட்டிய பிறகும் செய்யாதீர்கள், கொம்பு நரைத்துவிடும்.

இனி டேப் கதை. மண்டையோட்டில் ஒட்டிய டேப் தண்ணீரில் போய்விட்டது, அதை நான் யோசித்திருக்க வேண்டும். கூட்டில் ஒட்டியது வெயிலில் காய்ந்து, பிரிக்கும்போது காகிதம் மட்டும் வந்து, பசை பெயின்டின் மேல் தங்கிவிட்டது. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் ஒரு பாட்டில் இருந்தது. பஞ்சில் தொட்டு ஒரே ஒரு துடைப்பு. பசை போனது. கூடவே நீலமும் போனது. பேனாக் கோடும் போனது. இடது கொம்பின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் கொம்பு, பழுப்பாகப் பளபளவென்று. பதினோரு வருஷம் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவன், 'முதலில் தெரியாத இடத்தில் சோதித்துப் பார்' என்று மாணவர்களுக்குச் சொன்னவன், செய்த காரியம் இது. அடியில் இருந்ததோ கடைசிப் பொங்கலின் ஒற்றை அடுக்கு. கீழே வேறு நிறம் இருந்து காப்பாற்ற வழியே இல்லை. இப்போதெல்லாம் டேப் ஒட்டுவதில்லை. கூட்டின் உள்விளிம்பில் அரத்தால் ஒரு சின்ன வெட்டு, நேர் எதிரே எலும்பில் ஒரு வெட்டு. அது தண்ணீரிலும் போகாது, மாட்டிய பிறகு தெரியவும் தெரியாது.

மாட்டுவதில் இரண்டு தொல்லை, ஒன்றுக்கொன்று எதிரானவை. நடுப்படலம் போய்விட்டதால் உள்ளே இடைவெளி, கூடு கடகடவென்று ஆடுகிறது. ஆனால் எலும்பு இல்லாமல் தனியாகக் காய்ந்ததால் கூட்டின் வாய் சுருங்கி, எலும்பில் பழைய இடம் வரை ஏற மறுக்கிறது. முக்கால் இஞ்சுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எலும்பை அரத்தால் ராவலாம் என்று கை பரபரத்தது. ராவாமல், கூட்டுக்குள் வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். கொம்பு வெப்பத்துக்கு இளகும். சீப்பு செய்கிறவர்கள் அதை வைத்துத்தான் தொழிலே செய்தார்கள். கொட்டிவிட்டுச் சூடு ஆறுவதற்குள் திருகி ஏற்றினேன், பழைய இடம் வரை போனது. சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டி, அப்படியே மூன்று நாள் நிழலில் காய விட்டேன்.

அடுத்தது ஒட்டுவது. பழைய பாடம் செய்த தலைகளில் கொம்புக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றியிருப்பார்கள். கனம், வருஷங்கள் போனால் பொடியாக உதிரும். (பழைய தலைகளை நோண்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் தோலில் ஆர்செனிக் கலந்த சோப்பைப் பூசினார்கள். கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல் சுரண்டாதீர்கள். மைசூரில் 1999 வரை நடந்த வான் இங்கன் பட்டறையின் புலித்தலைகள் காகிதக்கூழ் அச்சின் மேல் செய்தவை. அழகுக்குக் குறைவில்லை, ஆனாலும் எந்தப் பழைய தலையையும் வெறும் கையால் தொட்டு ரசிக்காமலிருப்பது நல்லது.)

நான் எடுத்தது எம்-சீல். இரண்டு களிம்பையும் பிசைந்து, இடது எலும்பு முழுக்க அப்பி, கூட்டைத் திருகி ஏற்றினேன். பேனாக் கோடு இல்லை, படத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். நாற்பது நிமிஷம் கழித்து டீ குடித்துவிட்டு வந்து அளந்தால், மூக்கு முனைக்கு 17 இருக்க வேண்டியது 15. நுனி கன்னத்தைக் குத்துகிற மாதிரி உள்ளே திரும்பி, கிடாவுக்கு ஏதோ பல்வலி போலத் தெரிந்தது. முழுக்க இறுகியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஹேர் டிரையரைச் சூடாக வைத்து அடியைச் சுற்றிக் காட்டிக்கொண்டே, இருபது நிமிஷத்தில் முனகி முனகிக் கழற்றினேன். சூட்டில் இன்னும் கொஞ்சம் நீலம் சுருங்கியது.

இரண்டாம் முறை கற்ற புத்தியோடு. உள் இடைவெளியை நிரப்ப, பஞ்சு நூலை ஃபெவிகாலில் தோய்த்து எலும்பைச் சுற்றினேன், தறிக்கட்டையில் நூல் சுற்றுகிற மாதிரி. அது காய்ந்தால் இறுக்கமாகப் பிடிக்கும், ஊறவைத்தால் திரும்ப இளகும். நாளைக்கு வேறு யாராவது கழற்ற வேண்டியிருந்தால் கொம்பை உடைக்க வேண்டியதில்லை. எம்-சீல் அடி விளிம்பில் மட்டும், புளியங்கொட்டை அளவு மூன்று உருண்டை. மூக்கு முனைக்கு அட்டையில் 17 செ.மீ. வெட்டி, முட்டுக் கொடுத்து, ஒரு பகல் முழுக்க யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை. வலது கொம்பு ஒரே தடவையில் உட்கார்ந்தது.

ஜூலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எய்யா, இந்த எடத்துல நீலம் எங்க?" என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் மாட்டுத்தொழுவத்துக்குப் போய், போன பொங்கலின் டப்பாவை எடுத்து வந்தார். மேலே ஆடை கட்டியிருந்தது. ஆணியால் குத்தி, உள்ளே இருந்ததை விரலில் தொட்டுப் பூசினார். செத்த பிறகு அடித்த பெயின்ட் அந்தப் பொருளின் வரலாறா, கலப்படமா என்று அருங்காட்சியகத்தில் என்றால் அரைநாள் விவாதிப்போம்.

அடுப்புப் புகை படாத சுவரில், நேர் வெயில் விழாத இடத்தில் மாட்டச் சொன்னேன். அப்படியே செய்தார்கள். ஐப்பசி மழையில் மறுபடி போன். "வலது கொம்புக்குக் கீழ தரையில மாவு மாதிரி உதிருதுய்யா." நான் மரச்சுத்தியலால் தட்டிய அதே பிளவு. தோல் வண்டு அது வழியாக உள்ளே போயிருக்கிறது. இடதில் வெண்காரத்தை ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தியிருந்தேன். வலதுக்கு, தாமதமாகக் கழன்ற கோபத்தில், இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட்டேன். டைரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

மருந்து அடித்தால் பெயின்ட் போகும். குளிரில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம், நடுவில் ஒருநாள் வெளியே எடுத்து, திரும்ப உள்ளே. அதற்குள் முட்டையும் புழுவும் செத்துவிடும். நல்ல பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்ற வேண்டும், வெளியே எடுத்த பிறகும் ஒருநாள் பிரிக்கக் கூடாது. இல்லையென்றால் கொம்பு வியர்த்து ஈரம் குடிக்கும். அந்த அளவுக்குப் பெரிய பிரீசர் தெரிந்த வட்டத்தில் ஒருவரிடம்தான் இருந்தது, சித்தப்பாவின் மச்சான், தூத்துக்குடியில் மீன் வியாபாரம் செய்கிறவர். கிடா இப்போது சீலா மீனுக்கும் பாறை மீனுக்கும் நடுவில் படுத்திருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமையோடு முதல் வாரம் முடிகிறது. பிளவை அடைக்க இந்தத் தடவை தேன்மெழுகு வாங்கி வைத்திருக்கிறேன்.